காலநிலை மாற்றத்தைக் குழந்தைகள் எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள்? வானத்துத் துளையும் ஒரு மாணவியின் கேள்வியும்

கார்முகில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பத்து முதல் பதின்மூன்று வயது வரையுள்ள மாணவர்களுக்கு நான் அறிவியல் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு காலநிலை மாற்றம் குறித்த பாடத்தைத் தொடங்குவதற்கு முன்பு, நானாக எதையும் விளக்காமல், "பூமி ஏன் சூடாகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதை வரைந்து காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னேன். வரைந்து முடித்தவர்களை ஒவ்வொருவராக அருகில் அழைத்து, படத்தில் இருப்பதை அவரவர் சொற்களிலேயே விளக்கச் சொன்னேன்.

பாதிக்கும் மேற்பட்ட படங்களில் வானத்தில் ஒரு துளை இருந்தது. வண்டிப் புகை மேலே போய் ஓசோனைக் கிழித்துவிடுகிறது, அந்தக் கிழிசல் வழியாக வெயில் அதிகமாக உள்ளே வருகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். சிலர் குப்பைமேட்டை வரைந்திருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுவன், நெகிழிப் பைகள் தரையை மூடிக்கொண்டதால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போக வழியில்லை என்றான். எல்லாவற்றையும் விட அதிகமாக வரையப்பட்டது உருகும் பனிக்கட்டியின் மேல் நிற்கும் துருவக் கரடி. கரடிக்கும் வண்டிப் புகைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பெரும்பாலோர் துளையைத்தான் காட்டினார்கள்.

இந்தத் துளை என் வகுப்பில் மட்டும் இருப்பதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் பாய்ஸ், மார்ட்டின் ஸ்டானிஸ்ட்ரீட் ஆகிய இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வே, பள்ளி மாணவர்கள் ஓசோன் சிதைவையும் புவி வெப்பமாதலையும் ஒன்றாகக் கருதுவதைப் பதிவு செய்திருக்கிறது. அன்று படித்த மாணவர்களின் பிள்ளைகள் இன்று பள்ளிக்கு வரும் காலத்திலும் அதே துளை அப்படியே இருக்கிறது என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

நான் பாடத்தை முறையாக நடத்தினேன். தேர்வில் நன்றாகவே எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து வாய்மொழியாகக் கேட்டபோது, தேர்வில் சரியாக எழுதியவர்களிலேயே பலர் மீண்டும் துளைக்குத் திரும்பியிருந்தார்கள். தொடக்கத்தில் இருந்த ஆர்வமும் அதற்குள் தணிந்திருந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் சென்ற பிறகு ஒரு மாணவி மட்டும் மேசையருகே நின்று, "டீச்சர், இதெல்லாம் சரியாகிவிடுமா?" என்று கேட்டாள். நான் ஏதோ பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மறுமொழி அவளுக்குப் போதவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. நீங்கள் அவளுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்தத் துளையை எப்படி மூடுவது?

எண்சுவடி

வணக்கம் டீச்சர். நான் இயற்பியல் படித்தவன். துளையை அறியாமை என்று பார்ப்பதில்தான் முதல் சிக்கல் இருக்கிறது என்று எண்ணுகிறேன். அந்தக் குழந்தைகள் ஒரு கோட்பாட்டை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் தருக்கம் இருக்கிறது. வெப்பம் சூரியனிலிருந்து வருகிறது, வெப்பம் கூடியிருக்கிறது, ஆகவே உள்ளே வருவது கூடியிருக்க வேண்டும், அதற்கு ஒரு வாசல் வேண்டும். ஓசோன் துளை என்ற பெயரை எங்கோ கேட்டவுடன் அந்த வாசல் கிடைத்துவிடுகிறது. இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தும் விளக்கத்தை, "அது தவறு" என்ற ஒற்றை வரியால் அகற்ற முடியாது.

அவர்களுடைய கணக்கில் இல்லாதது செலவுப் பக்கம். பூமியும் ஓயாமல் வெப்பத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக அனுப்புகிறது என்பதை நாம் ஒருபோதும் அழுத்திச் சொல்வதில்லை. உங்கள் வகுப்பில் நெகிழிப் பைகளை வரைந்த சிறுவனைக் கவனியுங்கள். பொருளைத் தவறாகச் சொன்னாலும், சூடு வெளியேறத் தடை ஏற்பட்டிருக்கிறது என்ற எண்ணத்துக்கு அவன் தானாகவே வந்துவிட்டான். என்னைக் கேட்டால், அவன் படத்திலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

வெயில் காற்றுமண்டலத்தைப் பெரும்பாலும் தடையின்றிக் கடந்து தரையைச் சூடாக்குகிறது. தரை திருப்பி அனுப்பும் அகச்சிவப்புக் கதிரை நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் உறிஞ்சி, ஒரு பகுதியை மீண்டும் கீழே அனுப்புகின்றன. இந்த வாயுக்கள் அறவே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும். இவை இருப்பதால்தான் 15 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதாவது, தீமை செய்வது இந்த விளைவு அன்று, அதன் மிகைதான். 1856-இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, வெயிலில் வைத்த கண்ணாடிக் குழாய்களில் கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய் மிகுதியாகச் சூடாவதைக் கண்டார். 1859-இல் ஜான் டின்டால் ஆய்வகத்தில் இந்த வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை அளந்து காட்டினார். 1896-இல் ஸ்வாந்தே அர்ரேனியஸ் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையால் கணக்கிட்டார். இந்த வரலாற்றைச் சொன்னால், இது நேற்று முளைத்த அச்சம் அல்ல என்பது குழந்தைகளுக்கு விளங்கும்.

ஓசோனையும் விட்டுவிட வேண்டாம். அது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வாயுப் படலம்; அதைத் தனிக் கதையாகச் சொல்லுங்கள். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பது வெளியிடப்பட்டது. 1987-இலேயே மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன, ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால், காரணமும் வேறு, கதிரும் வேறு, தீர்வும் வேறு என்பதைக் குழந்தைகளே பிரித்துவிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. சோடா உப்பும் வினிகரும் கலந்து ஒரு புட்டியில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, விளக்கொளியில் வைத்து, அது மற்றப் புட்டியை விடச் சூடாவதைக் காட்டும் செய்முறை பல இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. அதில் ஏற்படும் வெப்ப வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம், அந்த வாயு காற்றைவிட அடர்த்தியானது என்பதால் புட்டிக்குள் வெப்பச் சலனம் (சூடான வாயு மேலெழுந்து கலப்பது) குறைவதே என்று 2010-இல் இயற்பியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஃபூட்டின் குழாய்களுக்கும் இந்தக் குறை ஓரளவு பொருந்தும். கதிரைத் தனியே பிரித்து அளந்தவர் டின்டால்தான். விடை சரியாக வருகிறது என்பதற்காகத் தவறான காரணத்தைக் குழந்தைகளுக்குக் காட்டக் கூடாது.

மணல்வீடு

நான் ஆசிரியர் அல்லன். ஒன்பது வயது மகனுக்கும் ஆறு வயது மகளுக்கும் தந்தை. நீங்கள் இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் இந்த இழையில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: இதை இந்த வயதில் சொல்லத்தான் வேண்டுமா?

சென்ற ஆண்டு என் மகன் ஒரு காணொளியைப் பார்த்தான். நகரங்கள் நீரில் மூழ்குவதும் காடுகள் எரிவதும் விரைவாக மாறி மாறி வந்தன, பின்னணியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு பல நாள்கள் மழை பெய்யும் இரவெல்லாம் எழுந்து வந்து எங்கள் அருகில் படுத்துக்கொண்டான். அவனுக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சுமையை அவன் தோளில் ஏற்றியது யாருக்கு என்ன நன்மை செய்தது? மரத்தையும் பறவையையும் நேசிக்கக் கற்றுக்கொடுப்போம். அறிவியல் பிறகு வரட்டும். நேசிக்காத ஒன்றைக் காக்க வேண்டும் என்று ஒருவரும் எண்ணுவதில்லை.

தாழி

மணல்வீடு ஐயா, உங்கள் மகனின் இரவுகளை எண்ணி மனம் வருந்துகிறேன். குழந்தைகளின் மனநலம் சார்ந்து பணிபுரிகிறேன் என்பதால் இதே போன்ற பெற்றோர்களை அடிக்கடி சந்திக்கிறேன்.

2021-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், பத்து நாடுகளைச் சேர்ந்த 10,000 இளையோரிடம் கேட்கப்பட்டது. 59 விழுக்காட்டினர் மிகுந்த அல்லது அளவு கடந்த கவலை கொண்டிருப்பதாகவும், 75 விழுக்காட்டினர் எதிர்காலம் அச்சமூட்டுவதாகவும் சொன்னார்கள். அவர்கள் 16 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள். ஆகவே அந்த எண்களை ஆறு வயதுக் குழந்தையின் மேல் ஏற்றுவது முறையாகாது. பலர் அப்படி ஏற்றுகிறார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். எனினும் அந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்களுடைய கவலை, அரசுகள் போதுமானதைச் செய்யவில்லை, தாங்கள் கைவிடப்பட்டோம் என்ற உணர்வுடன் சேர்ந்தே காணப்பட்டது. அதாவது, பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது குழந்தையின் அச்சத்தில் ஒரு பங்கு வகிக்கிறது.

உங்கள் மகனுக்குக் கிடைத்தது காட்சி மட்டுமே. ஏன், எப்போது, எவ்வளவு, யார் என்ன செய்கிறார்கள் ஆகிய எதுவும் கிடைக்கவில்லை. காரணம் தெரியாத ஆபத்துக்குக் குழந்தையின் மனத்தில் எல்லை கிடையாது; அது இன்றிரவின் மழையிலும் வந்துவிடும். கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற அளவில் உயர்கிறது என்று ஓர் அளவுகோலை எடுத்துக் காட்டியிருந்தால், அது கவலைக்குரியதாக இருந்தாலும் இன்றிரவு வருவதன்று என்பது அவனுக்கு விளங்கியிருக்கும்.

சுவீடனைச் சேர்ந்த மரியா ஒயாலா என்ற ஆய்வாளர், இந்தக் கவலையைக் குழந்தைகளும் இளையோரும் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். சிக்கலே இல்லை என்று மறுப்பதால் வரும் நம்பிக்கைக்கும், சிக்கலை ஏற்றுக்கொண்டு பலர் அதற்காக உழைக்கிறார்கள் என்று அறிவதால் வரும் நம்பிக்கைக்கும் வேறுபாடு உண்டு என்று அவர் காட்டுகிறார். முதல் வகை செயலைக் குறைக்கிறது. இரண்டாவது செயலோடு சேர்ந்து வருகிறது. கார்முகில் அம்மா, அந்த மாணவிக்கு நீங்கள் தந்தது முதல் வகையாக இருந்திருக்கலாம். அவள் அதைக் கண்டுகொண்டாள் என்றே நினைக்கிறேன்.

உங்கள் ஆறு வயது மகளைப் பொறுத்தவரை, ஐயா, நீங்கள் சொல்வதுதான் சரி. அவளாகக் கேட்காதவரை மரமும் பறவையும் போதும்.

வண்ணத்துப்பூச்சி

எனக்குப் பதினேழு வயது. இந்த இழையில் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அந்த வயதைக் கடந்து அதிக நாள் ஆகவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மாணவர்களின் ஆர்வம் தணிந்துவிட்டது என்று கார்முகில் டீச்சர் எழுதியிருக்கிறார். என் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். உலகமே ஆபத்தில் இருக்கிறது என்று முதல் அரை மணி நேரம் சொன்னார்கள். அடுத்த அரை மணி நேரத்தில், அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணையுங்கள், பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள் என்றார்கள். பிறகு சுவரொட்டிப் போட்டி நடந்தது, பரிசு கொடுத்தார்கள். பத்து வயதில்கூட எனக்கு அதில் ஏதோ பொருந்தாததாகப் பட்டது. இவ்வளவு பெரிய சிக்கலுக்கு இவ்வளவு சிறிய தீர்வு என்றால், ஒன்று சிக்கல் பொய்யாக இருக்க வேண்டும், அல்லது பெரியவர்களுக்கும் விடை தெரியாமல் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டேன்.

மின்சாரம் எதிலிருந்து வருகிறது, நிலக்கரியை நிறுத்தினால் அதன் இடத்தில் எது வரும், சிமெண்டும் எஃகும் செய்யும்போது ஏன் இவ்வளவு கார்பன் வெளியாகிறது, இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்று ஒருவரும் எங்களிடம் பேசவில்லை. நான் அவற்றைப் பின்னால் தேடிப் படித்தேன். அப்போதுதான் ஆர்வம் திரும்பி வந்தது. யுனெஸ்கோ 2021-இல் நூறு நாடுகளின் பாடத்திட்ட வரையறைகளைப் பார்த்தபோது, ஏறத்தாழ பாதியில் காலநிலை மாற்றம் என்ற சொல்லே இல்லை என்று கண்டது. இருக்கும் பாதியிலும் குழாயை மூடுவதோடு நின்றுவிடுவது எத்தனையோ!

குழந்தைகளின் பேச்சுக்கு ஒன்றும் எடை இல்லை என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இதைப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் அக்கறை கூடியிருந்தது. அரசியல் காரணமாக இதை ஏற்கத் தயங்கிய பெற்றோரிடமும் தந்தையரிடமும் அந்த மாற்றம் கூடுதலாக இருந்தது. மகள்கள் சொன்னபோது இன்னும் கூடுதலாக இருந்தது. இருந்தாலும், பெற்றோரை மாற்றும் கருவியாக எங்களைப் பயன்படுத்துவதை நான் விரும்பவில்லை. எங்களுக்குப் புரிய வைத்தால், வீட்டில் நாங்களாகவே பேசுவோம்.

சொற்கிழார்

பாடநூல் மொழியாக்கத்தில் சில ஆண்டுகள் ஈடுபட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் குழந்தைகளின் குழப்பத்தில் ஒரு பங்கு நம் கலைச்சொற்களுக்கும் உண்டு.

'பசுமை இல்ல வாயு' என்ற சொல்லை ஒரு பதினொரு வயதுக் குழந்தையின் காதால் கேட்டுப் பாருங்கள். பசுமை என்றால் மரம், செடி, நன்மை. பசுமைப் பள்ளி, பசுமை விருது, பசுமை ஆற்றல் என்று நல்லவற்றுக்கெல்லாம் அதே சொல்லைச் சூட்டிவிட்டு, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுவுக்கும் அதையே வைத்திருக்கிறோம். அது மரங்கள் வெளிவிடும் நல்ல காற்று என்று ஒரு சிறுமி எனக்கு விளக்கினாள்; சொல்லை வைத்துப் பார்த்தால் அவள் விளக்கத்தில் பிழையே இல்லை. கண்ணாடிக் கூரையிட்ட செடி வளர்ப்பகத்தை நேரில் பார்த்திராத குழந்தைக்கு இந்த உவமை எதையும் விளக்குவதில்லை. போதாக்குறைக்கு, அந்தக் கண்ணாடி அறை சூடாவதற்கு முதன்மைக் காரணம் உள்ளிருக்கும் வெப்பக் காற்று வெளியேற முடியாமல் தங்குவதே. வானத்தில் நடப்பது வேறு. 'வெப்பம் பிடிக்கும் வாயு' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

'மாசு' என்ற சொல்லும் அப்படித்தான். நமக்கு மாசு என்றால் அழுக்கு, கறை, கண்ணுக்குத் தெரிவது. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைச் சுற்றுச்சூழல் மாசு என்ற பாடத்துக்குள் வைத்தவுடன் குழந்தையின் மனம் குப்பைமேட்டுக்குப் போய்விடுகிறது. கார்முகில் டீச்சரின் மாணவர்கள் நெகிழிப் பைகளை வரைந்ததில் எனக்கு வியப்பில்லை. வானிலை, காலநிலை, பருவநிலை ஆகிய மூன்றையும் செய்திகளில் மாற்றி மாற்றி எழுதும் பழக்கத்தைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்க வேண்டும், இங்கே வேண்டாம்.

கார்முகில்

எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், ஏனெனில் நீங்கள் சொன்னவற்றை வகுப்பில் செய்துபார்த்துவிட்டு எழுத வேண்டும் என்றிருந்தேன்.

நெகிழிப் பை வரைந்த சிறுவனின் படத்தைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்து, "இவன் சொல்வதில் எது சரி, எது சரியில்லை?" என்று கேட்டுத் தொடங்கினேன். சூடு வெளியேற வேண்டும் என்ற பேச்சு வந்தவுடன் துளை வரைந்த ஒரு மாணவி, "அப்படியானால் துளை இருந்தால் சூடு வெளியேதானே போகும்?" என்று கேட்டாள். எண்சுவடி ஐயா, உங்கள் செலவுப் பக்கம் அந்த நொடியில் வகுப்பில் அமர்ந்துவிட்டது. நான் எதையும் மறுக்க வேண்டியிருக்கவில்லை. சொற்கிழார் ஐயா சொன்னபடி 'வெப்பம் பிடிக்கும் வாயு' என்றே முழுப் பாடத்திலும் சொன்னேன். பாடநூல் சொல்லைக் கடைசி நாளில் தேர்வுக்காக அறிமுகப்படுத்தினேன்.

அதன் பிறகு தொட்டிக் கணக்கு. ஒரு தொட்டியில் குழாய் நீர் விரைவாக விழுகிறது, அடியில் உள்ள வடிகால் வழியாக ஏறத்தாழ அதில் பாதி வெளியேறுகிறது. காற்றில் நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ பாதியைக் கடலும் நிலமும் எடுத்துக்கொள்வதைப் போல. குழாயைக் கொஞ்சம் மூடினால் தொட்டி நீர் இறங்குமா என்று கேட்டேன். இறங்கும் என்று பெரும்பாலோர் கை தூக்கினார்கள். தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். ஏறிக்கொண்டேதான் இருந்தது, வேகம் மட்டும் குறைந்தது. குழந்தைகளைக் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்விலேயே பெரும்பாலோர் இதே பிழையைச் செய்திருக்கிறார்கள். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315 ஆகவும், இப்போது 420-க்கு மேலும் இருக்கிறது என்ற வரைபடத்தைத் தொட்டிக்கு அடுத்ததாகக் காட்டினேன். அதைப் பார்த்தவுடன், "நம் தொட்டி!" என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன.

உலகச் சராசரி வெப்பநிலை 1.5 டிகிரி உயர்வது பெரிதாகத் தெரியவில்லை என்று பலர் சொன்னார்கள். அவர்கள் சொல்வதும் நியாயமே. ஒரே நாளில் காலைக்கும் பகலுக்கும் பத்து டிகிரி மாறுகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கணக்கான தடிமனுள்ள பனிப்பாளத்தின் அடியில் இருந்தபோது, உலகச் சராசரி தொழிற்புரட்சிக் காலத்தைவிட ஐந்தாறு டிகிரிதான் குறைவு என்று சொன்னேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

அந்த மாணவியை நானே தேடிச் சென்று பேசினேன். "அன்று உனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை" என்று தொடங்கினேன். தானாகச் சரியாகாது; காற்றில் நிகரமாகக் கார்பன் டை ஆக்சைடைச் சேர்ப்பதை உலகம் நிறுத்திவிட்டால் வெப்பம் மேலும் ஏறுவது ஏறத்தாழ நின்றுவிடும்; ஆனால் ஏறியது உடனே இறங்காது, கடல்மட்டம் அதன் பிறகும் நெடுங்காலம் உயரும்; எவ்வளவு விரைவில் நிறுத்துகிறோமோ அவ்வளவு குறைவாகச் சேதம் இருக்கும் என்று சொன்னேன். ஓசோன் கதையையும் சொன்னேன். இது அதைவிடக் கடினமானது என்பதையும் மறைக்கவில்லை. "அப்படியானால் எல்லாம் போய்விட்டது என்பதும் பொய், எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பொய்" என்றாள். ஆம் என்றேன்.

மணல்வீடு

அம்மா, உங்கள் தொட்டியை வீட்டில் மகனுக்குச் செய்து காட்டினேன். அளவுகோலில் மில்லிமீட்டரையும் காட்டினேன். "அப்படியானால் நான் பெரியவனாவதற்குள் குழாயை மூட வேண்டும்" என்றான். மழை இரவில் இப்போது எழுந்து வருவதில்லை. அது இதனால்தானா, வயது கூடியதாலா என்று என்னால் சொல்ல முடியாது. மகளுக்கு இன்னும் எதையும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.

வண்ணத்துப்பூச்சி

டீச்சர், குழாயை மூடுவது யார் என்ற பகுதியை விட்டுவிட்டீர்கள். 2023 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைக் குழு, தூய்மையான, நலமான, நீடித்த சுற்றுச்சூழல் குழந்தைகளின் உரிமை என்று விளக்கும் ஆவணத்தை வெளியிட்டது. அதைத் தயாரிக்க 121 நாடுகளிலிருந்து 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கருத்துக் கேட்டார்கள். அதே மாதத்தில் அமெரிக்காவின் மொண்டானாவில் இளையோர் 16 பேர் தொடுத்த காலநிலை வழக்கில் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. உங்கள் மாணவர்களைவிடச் சிறியவர்களும் அந்தப் பதினாறு பேரில் இருந்தார்கள். இதையும் சொல்லுங்கள்.

கார்முகில்

சொல்கிறேன் தம்பி, விட்டது என் பிழைதான். அடுத்த வாரம் அதற்காகவே ஒரு வகுப்பை ஒதுக்கியிருக்கிறேன்.

அதற்கு முன் இன்னொன்று வந்துவிட்டது. துளை வரைந்த அதே மாணவி நேற்று வந்து, "தொட்டியிலிருந்து வடிவதில் ஒரு பங்கு கடலுக்குள் போகிறதே, அது கடலை என்ன செய்யும்?" என்று கேட்டாள். பாடநூலில் அது இல்லை. நான் விடையைச் சொல்லாமல், நாளைக்கு ஒரு முட்டை ஓடும் கொஞ்சம் வினிகரும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கடல் நீர் ஒருபோதும் வினிகரைப் போலப் புளிப்பதில்லை, அதன் அமிலத்தன்மை சிறிதளவே கூடியிருக்கிறது, அந்தச் சிறிதளவே சிப்பிகளுக்கும் பவளங்களுக்கும் ஓடு கட்டுவதைக் கடினமாக்குகிறது என்பதை எந்த வரிசையில் சொன்னால் மிகைப்படாமல் இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்சுவடி ஐயா, இன்றிரவுக்குள் தங்களுக்கு நேரம் கிடைக்குமா?